முதுகில் எழுதிப் படித்த உடம்பு

என் முதுகை நான் நேராகப் பார்த்ததில்லை. யாரும்தான் அவரவர் முதுகைப் பார்த்ததில்லை, அது பெரிய குறையும் இல்லை. ஆனால் என் முதுகில் ஏறக்குறைய ஒரு வருஷம் பள்ளிக்கூடம் நடந்தது. படித்தவள் என் மனைவி. பாடம், மனித உடம்பு.

அப்போது நான் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். லாரி வந்து நின்றால் குனிந்து முதுகைக் கொடுக்க வேண்டும். மேலே நிற்கிறவன் மூட்டையைச் சாய்ப்பான். கொண்டுபோய் அடுக்கிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் முதுகைக் கொடுக்க வேண்டும். இதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தை ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுதான் மேஸ்திரி எங்களுக்கு அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தது: எதை இறக்கி வைத்தாலும் அதில் எழுத்து இருக்கிற பக்கம் வெளியே தெரிய வேண்டும். படிக்கத் தெரியாத என்னைப் போன்றவனுக்கும் எழுத்து எது, வெறும் சாக்கு எது என்று தெரியும். எழுத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டால் அன்றைக்கு மேஸ்திரி வாயால் எங்கள் பரம்பரையே மணக்கும்.

அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் இருந்தாள். கட்டிடத்துக்கு அடியில், வெளிச்சம் வராத ஒரு நீளமான அறை. கொதிக்கிற தொட்டிகள், வெளுப்புத் தூள், ஆவி. மேலே வார்டில் யாருக்கு என்ன ஆனாலும் அதன் கறை கீழே இவள் கைக்கு வந்துவிடும். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. வெளுப்புத் தூளின் நெடி உள்ளே போய்ப் போய் ஒரு இருமல் வேறு பிடித்துக்கொண்டது. சிரித்தால் இருமல், பேசினால் இருமல். என்னைத் திட்டும்போது மட்டும் எப்படியோ வராது.

ஒருநாள் தலைமை நர்ஸ் துணி சரிபார்க்கக் கீழே வந்தபோது இவள் இருமலைக் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நீ இங்கேயே கெடந்தா சரிப்படாது. உயர்நிலைப் பள்ளிப் பரீட்சையில உடம்புப் பாடம் எழுதிப் பாஸ் பண்ணிட்டு வா. வார்டுக்கு உதவியாளரா எடுத்துக்கறேன். ஆனா இந்த வருஷத்துக்குள்ள. அப்புறம் உனக்கு வயசு தாண்டிடும், என் கையில ஒண்ணும் இல்ல" என்றாராம்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. சந்தோஷமாகச் சொல்லவில்லை. கடைத்தெருவில் எதையோ விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தவள் மாதிரி சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் படித்திருந்தாள், பாதியில் விட்டது. "படிச்சுத்தான் பாரேன்" என்றேன். எனக்கு எழுத்தே தெரியாது, எனவே படிப்பின் கஷ்டமும் தெரியாது. தெரியாதவனுக்குத் துணிச்சல் அதிகம்.

உயர்நிலைப் பள்ளியில் பகல் பிள்ளைகள் போன பிறகு பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சிலேயே இவர்களும் உட்கார வேண்டும். முழங்கால் பலகையில் இடிக்கும். தையல்காரர், பெயின்டர், வீட்டு வேலை செய்கிறவர்கள் என்று வகுப்பே ஒரு கூலிக்காரக் கூட்டம். உடம்புப் பாடம் எடுத்தது ஒரு சின்ன வயசு டீச்சர். எல்லோரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். நல்ல பெண். ஆனால் படம் மட்டும் வராது. கரும்பலகையில் இதயம் வரைந்தால் உருளைக்கிழங்கு, சிறுநீரகம் வரைந்தாலும் உருளைக்கிழங்கு, கொஞ்சம் வளைந்த உருளைக்கிழங்கு. முழு உடம்பைப் பலகையில் வரைய அவர் துணிந்ததே இல்லை.

புத்தகத்தில் படம் இருக்குமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வினை. மாலை வகுப்புக்கு வந்ததெல்லாம் பகல் பிள்ளைகள் படித்து முடித்த பழைய புத்தகங்கள். பிள்ளைகள் படங்களையெல்லாம் வெட்டி எடுத்துத் தங்கள் நோட்டில் ஒட்டிவிட்டிருந்தார்கள். புத்தகத்தில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை. ஒரு பக்கத்தைத் திருப்பினால் ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துக் குடல் தெரியும். உடம்பின் முழுப் படம் இருக்க வேண்டிய தாளே மொத்தமாக இல்லை.

பள்ளியில் ஒரு உடம்பு பொம்மை இருந்தது. தலை முதல் இடுப்பு வரை, நெஞ்சும் வயிறும் திறந்து, உள்ளே உறுப்புகளை எடுத்து எடுத்து வைக்கிற மாதிரி. அது பகல் பள்ளியின் சொத்து. மாடியில் ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கும். யாரோ ஒரு பையன் அதற்குப் பேனாவால் மீசை வரைந்திருந்தான். பகல் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. எப்போது பார்த்தாலும் ஒன்றும் பேசாமல் விறைப்பாக நிற்கிறதாம், அதனால். மாலை வகுப்புக்காரர்களுக்கு மாப்பிள்ளை தரிசனம் பரீட்சைக்குச் சற்று முன்னால்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, இவளிடம் இருந்தது படமில்லாத வெறும் எழுத்து. 'கல்லீரல் வயிற்றின் மேற்பகுதியில் வலப்பக்கம் அமைந்துள்ளது.' 'இதயம் மார்பில் சற்று இடப்பக்கமாகச் சாய்ந்துள்ளது.' சுவரைப் பார்த்து நின்றுகொண்டு இதையே சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். சொல்லி முடித்ததும் மறந்துபோகும். அழுகை வரும், அழுதால் இருமல் வரும்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் நான் பாயில் குப்புறப் படுத்துவிடுவேன். அவள் முதுகுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள். அது கல்யாணமான நாள்முதல் நடப்பது. அன்றைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கை மட்டும் என் வலது விலாவுக்குக் கீழே இருந்தது.

"ஏங்க, உங்க கல்லீரல் இங்கதான இருக்கும்?"

"எனக்கு என்ன தெரியும். இருந்தா சரி" என்றேன்.

"இங்கதான் இருக்கும். மூச்சை இழுங்க பாப்போம்."

இழுத்தேன். விலா ஏறியது, அவள் கையும் ஏறியது. "ஆமாங்க, இங்கதான்" என்றாள், ஏதோ புதையலைத் தொட்டுவிட்டவள் மாதிரி.

அன்றோடு போயிற்று என் நிம்மதி. ஒரு வாரம் விரலால் அழுத்தி அழுத்திப் படித்தாள். அழுத்தினது மறுநாள் மறந்துபோகிறது என்று பென்சிலால் எழுதிப் பார்த்தாள். எண்ணெய்த் தோலில் பென்சில் பிடிக்கவில்லை. என்னோடு மூட்டை தூக்குகிறவன் ஒருவன் இருந்தான், ரேடியோ என்று பேர். அணைக்கவே முடியாது, அதனால். அவன் காதில் விஷயம் விழுந்தது. "அண்ணி படிப்புக்கு நான் ஒரு உதவி பண்ண மாட்டனா" என்று சொல்லி, சாக்கில் குறி போடுகிற மையை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி, ஒரு தேய்ந்த தூரிகையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

அந்த மை மழையில் நனைந்தாலும் போகாது, வெயிலில் காய்ந்தாலும் போகாது. அது அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. நான் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் முதுகில் குளிர்ச்சியாகத் தூரிகை ஓட ஆரம்பித்துவிட்டது. சுகமாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

மறுநாள் கிடங்கில் சட்டையைக் கழற்றினேன். முதல் மூட்டைக்குக் குனிந்தேன். லாரிமேல் நின்றவன் மூட்டையைச் சாய்க்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேஸ்திரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரக்கு எல்லாம் சரியாத்தான் குறி போட்டிருக்கு. எந்த லாரியில ஏத்தணும்?" என்றார்.

எனக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. எங்களில் படிக்கத் தெரிந்தவன் ரேடியோ ஒருவன்தான், அவனைக் கேட்டேன். அவன் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிற மாதிரி, "கவிழ்க்காதீர், உடையும்" என்றான். நானும் நம்பிவிட்டேன். அன்று முழுவதும் நம்பினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளிடம், "என்னைப் பத்தி அப்படியா எழுதுவ" என்று கேட்டபோது அவள் சிரித்த சிரிப்பில் இருமல் நிற்க நேரமாயிற்று. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். இது நுரையீரல். இது இதயம். இது மண்ணீரல். இந்த இரண்டும் சிறுநீரகம்.

அடுத்தவன் என் முதுகைப் படித்துவிட்டு எனக்கே பொய் சொல்கிறான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுத்துப் படிக்கப் போன காரணம் இதுதான். அறிவுத் தாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே பள்ளியில் அடுத்த அறையில் எழுத்து வகுப்பு நடந்தது. அவள் உடம்புப் பாடத்துக்குப் போகும்போது நான் அ, ஆவுக்குப் போனேன். வகுப்பில் மற்றவர்கள் முதலில் படித்தது அம்மா, ஆடு. நான் முதலில் சொந்தமாகக் கூட்டிப் படித்த சொல் மண்ணீரல். அவள் பலகையில் எழுதிக் கொடுத்து, அதே சொல்லை முதுகில் விரலால் எழுதிக் காட்டுவாள். மூன்று சுழி ண எங்கே சுழிக்கிறது என்று என் முதுகுக்குத்தான் முதலில் தெரிந்தது, அப்புறம்தான் கைக்கு.

அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு லேசாகிவிடும். வீடு ஒரே அறை. மூலையில் அடுப்பு, கொடியில் துணி, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். நான் குப்புறப் படுத்திருப்பேன். அவள் தலைமாட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கால் மடக்கி உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பிட ஆரம்பித்தால் போதும், முதல் வாயிலிருந்தே பாடம் தொடங்கிவிடும். இப்போது உமிழ்நீர், இப்போது உணவுக்குழாய், இப்போது இரைப்பையில் அமிலம். "சாப்பாட்டை நிம்மதியா எறங்க விடேன்" என்பேன். "அதான் எறங்கிக்கிட்டே இருக்கே, எங்க போய் நிக்குதுன்னு நான் சொல்றேன்" என்பாள். மூட்டை தூக்கிவிட்டு வந்த நாளில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். என் இதயம் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, "இவ்வளவு வேலையும் இது ஒண்ணே செய்யுதுங்க, கூலி கேக்காம" என்று ஒருநாள் சொன்னாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவே இல்லை.

அவளுடைய இருமலும் அவளுக்கு அந்த வருஷம்தான் விளங்கியது. நுரையீரலுக்குள் காற்றுப் பைகள் எவ்வளவு மெல்லியவை என்று படித்த அன்று வெளுப்புத் தூள் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாளாம். அதுவரை அங்கே யாரும் கட்டியதில்லை. மறுநாள் எல்லோரும் கட்டினார்கள்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். செய்முறைத் தேர்வில் அதைத்தான் வைப்பார்கள். உறுப்புகளைத் தனியாக ஒரு தட்டில் பரப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்து, அது என்ன வேலை செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். இதில் தேறாவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

முதலில் யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது இவள்தான் எழுந்தாளாம். அவ்வளவு தைரியம். கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனவள். பொம்மைக்கு எதிரே போய் நின்று கல்லீரலை எடுத்து வைத்தாள். உட்காரவில்லை. அழுத்தினாள். இரைப்பையை வைத்தாள், அதுவும் சேரவில்லை. இதயத்தின் நுனி போய் இடிக்கிறது. வகுப்பு சிரிக்க ஆரம்பித்தது. டீச்சர் கிட்டே வந்து பார்த்திருக்கிறார். மேலே இருக்க வேண்டியது மேலேதான் இருக்கிறது, கீழே இருக்க வேண்டியது கீழே. ஆனால் அத்தனையும் இடம் வலமாக மாறியிருக்கிறது.

"அக்கா, நீங்க எதைப் பாத்து படிச்சீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

எப்படிச் சொல்வாள்? மூன்றாம் தடவை கேட்ட பிறகு, "எங்க வீட்டுக்காரர் முதுகைப் பாத்து" என்றாள். அன்று அந்த வகுப்பில் எழுந்த சிரிப்பு அடுத்த அறையில் எங்களுக்குக் கேட்டது. என்ன என்று தெரியாமல் நாங்களும் சிரித்தோம்.

விஷயம் எளிதுதான். முதுகுப் பக்கம் பார்க்கிறவளுக்கு என் வலது பக்கமும் அவள் வலது பக்கமும் ஒன்று. எதிரே முகம் பார்த்து நிற்கிறவனுக்கு அது நேர்மாறு. ஒரு வருஷமாக அவள் கை முதுகிலேயே பழகிவிட்டது. எந்தப் பிள்ளைக்கும் இந்தத் தப்பு வராது. பிள்ளைகளுக்குப் படம் இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் என்னைத் திரும்பிப் படுக்கச் சொன்னாள். அன்றுமுதல் மல்லாந்து படுத்தேன். நெஞ்சிலும் வயிற்றிலும் புதிதாக எழுதினாள். அவளுக்கு நேராக எழுதியதால் குனிந்து பார்த்த எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. என் வயிற்றைப் படிக்கத் தெரிந்தும் படிக்க முடியாமல் போன துக்கம் எனக்கு. அவளுக்கு அதைவிடப் பெரிய துக்கம். வாய் சரியாகச் சொல்லும், கை பழைய பக்கத்துக்கே போகும். ஒரு கணம் நிறுத்தி, யோசித்து, திருப்பி வைப்பாள். அடுத்ததில் யோசிக்காமல் சரியாகப் போன கையை நிறுத்தித் தப்பாக மாற்றுவாள். கடைசியில் எது பழைய பக்கம் எது புதுப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. அது எங்கே போய் நிற்கிறது என்று சொல்லுவதையும் நிறுத்திவிட்டாள்.

"போச்சுங்க. நான் தொட்டிக்கிட்டயே கெடக்கறேன்" என்றாள் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம். தூக்கிவிட முடிகிற பாரமாக இருந்தால் நான் தூக்கியிருப்பேன்.

மறுநாள் அவளோடு நானும் போனேன். தாழ்வாரத்தில் சுவரோரமாக நின்றேன். மாடியிலிருந்து பொம்மையைக் கீழே தேர்வு அறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆய்வகத்து ஆளுக்கு அன்றைக்குப் பார்த்துக் கை சுளுக்கு. டீச்சர் அங்குமிங்கும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, இதைக் கொஞ்சம் எறக்கித் தர்றீங்களா?" என்றார்.

பிளாஸ்டரில் செய்த கனமான சாமான் அது. தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கினேன். ஆளை ஆள் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அவன் கன்னம் என் காதில் உரசியது. தேர்வு அறையில் நடுவே ஒரு தாழ்வான பெஞ்சு. எதிரே பரீட்சைக்குப் படித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், இவளும். ஓரத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. பெஞ்சின்மேல் பொம்மையைப் பதமாக இறக்கி வைத்தேன். பின்னால் இடுப்புக்குச் சற்று மேலே, செய்தவர்கள் ஒரு தகடு பதித்திருந்தார்கள், அதில் எழுத்து. என் கை எழுத்தைப் பார்த்தது. எழுத்து இருக்கிற பக்கத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளியே திருப்பி வைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று துண்டை உதறினேன்.

அறையே மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஐயா, அவர் கோவிச்சுக்கிட்டாரா? திருப்பி வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவசரமாகத் திருப்பினேன். திருப்பும்போது ஒரு பார்வை அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் இருந்தபடி லேசாக அசைந்தது, எண்ணெய் தேய்க்கிற கை.

வெளியே வந்து வாசலோரம் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

தையல்காரர் தேறினார். பெயின்டர் குடலைச் சுருட்டி வைக்கத் தெரியாமல் திணறி எப்படியோ தேறினார். அவள் முறை வந்தது. எதிரே போய் நின்றாள். தட்டிலிருந்து கல்லீரலை எடுத்தாள். இந்தப் பக்கம் கொண்டுபோனாள், நிறுத்தினாள், அந்தப் பக்கம் கொண்டுபோனாள், அங்கேயும் நிறுத்தினாள். இருமல் வந்தது. இருமி முடியும்வரை தேர்வாளர் காத்திருந்தார்.

"சார், நான் இவருக்குப் பின்னால நின்னு வைக்கலாமா?" என்றாள்.

தேர்வாளருக்கு விளங்கவில்லை. டீச்சர் சட்டென்று முன்னால் வந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். அவர் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார், சட்டைக்கு மேலே என் கழுத்தோரம் கொஞ்சம் மை தெரிந்திருக்க வேண்டும். "முன்னாலதான் நிக்கணும்னு எங்கயும் சொல்லலயே. நில்லுங்க" என்றார்.

அவள் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். பொம்மைக்குப் பின்னால் முழங்காலை ஊன்றி, இரண்டு கையையும் அவன் விலாவைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தாள். கன்னம் அவன் தோளில் பட்டது. மீசை வரைந்த ஒரு பிளாஸ்டர் ஆளை என் பெண்டாட்டி ஊர் பார்க்கக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கோபமும் வரவில்லை.

சிறுநீரகம் இரண்டையும் கண்ணால் பார்க்காமலே வைத்தாள். எந்தச் சிறுநீரகம் தாழ்ந்திருக்கும் என்று தேர்வாளர் கேட்டார். "வலதுதான் சார். மேல கல்லீரல் கனமா உக்காந்திருக்குல்ல, அதான் கொஞ்சம் எறங்கிக் கொடுத்திருக்கு" என்றாள். கல்லீரல் போய்ச் சரியாக உட்கார்ந்தது. பிளாஸ்டர் பிளாஸ்டரில் சேர்கிற அந்தச் சின்னச் சத்தம் வாசல்வரை கேட்டது. இரைப்பை, மண்ணீரல், குடல். ஒவ்வொன்றுக்கும் வேலை சொன்னாள், சாப்பாடு எங்கே போய் நிற்கிறது என்று என்னிடம் சொல்லுகிற அதே குரலில். இதயத்தை வைத்தாள். நுரையீரல் மட்டும்தான் பாக்கி. அது விலாவுக்குள் இறங்க இடம் தேடினாள். கை தடவியது. கண் மூடியிருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள் போல.

"ஏங்க, கொஞ்சம் மூச்சை இழுங்க" என்றாள் பொம்மையிடம்.

அறை முழுக்கச் சிரித்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வாசலில் நின்ற நான் மூச்சை இழுத்தேன். நிஜமாகவே இழுத்தேன், நெஞ்சு முட்ட. நுரையீரல் இறங்கியது.

தேறிவிட்டாள். அடுத்த மாதம் வார்டுக்குப் போனாள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். வலி என்று யார் வந்தாலும், டாக்டர் வருவதற்குள், "கொஞ்சம் திரும்பி உக்காருங்க" என்றுதான் முதலில் சொல்வாளாம். வலிக்கிற இடத்தை முதுகுப் பக்கமிருந்து தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. அதைச் சொல்லி நர்சுகள் கேலி செய்வார்களாம். இருமல் முழுசாகப் போகவில்லை, ஆனால் சிரித்தால் வருவதில்லை.

அன்றைக்கு நான் பொம்மையைத் திருப்பி வைத்தது வேண்டுமென்றேதான் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள். எவ்வளவு யோசனை பாருங்கள் இந்த மனுஷனுக்கு என்று ரேடியோவிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்தான். மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரியாதா எது யோசனை, எது பழக்கம் என்று. நான் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

மூட்டை தூக்குவதை விட்டு ரொம்ப வருஷமாகிறது. மை எப்போதோ போய்விட்டது. முதுகு கூன் போட்டுவிட்டது, குப்புறப் படுப்பதற்கே கை ஊன்றி மெதுவாகத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் எண்ணெய் தேய்க்கிற வழக்கம் நிற்கவில்லை. விரலை ஓர் இடத்தில் வைத்து, "இது என்ன?" என்று கேட்பாள். சொல்லுவேன். தப்பாகச் சொன்னால் முதுகில் ஒரு அடி விழும். சில நாள் தெரிந்தே தப்பாகச் சொல்லுவதும் உண்டு.